முப்பத்தொன்றாம் தேதி வீடு

சேசு மரி சூசை

புத்தூர், திருச்சிராப்பள்ளி
8-6-1958, ஞாயிறு

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்பி தினமும் ஜெபத்தில் சொல்லிவருகிறோம். உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ கேட்டிருந்தவற்றுக்கு வரிசையாகவே பதில் எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு விட்டுப்போகாது. முதலாவது அம்மாவின் முழங்கால். தைலம் தேய்ப்பதில் வீக்கம் குறைந்திருக்கிறது, படி ஏறுவதுதான் சிரமம். கண் முன்பைப் போலத்தான், எழுத்து தெரிவதில்லை, உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இரண்டாவது உன் தங்கை செலின். உப்பிலியபுரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் போய்விட்டாள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாள். காட்டூர் வரன் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது, அவர்களும் அவசரப்படவில்லை, நாமும் அவசரப்படவில்லை. மூன்றாவது வெயில். காவிரியில் மணல்தான் தெரிகிறது, மேட்டூர் திறந்தால்தான் உண்டு. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது காய்ச்சல் வருவது சகஜம், கவலைப்பட்டு ஊசி ஊசியாகப் போடவேண்டாம்.

நான்காவது விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை ஐந்து நாளாகத் தள்ளிப்போட்டேன். ஏப்ரல் பதினெட்டாம் தேதி நான் எழுதியதை நீ உங்கள் மரியாயின் சேனைக் கூட்டத்தில் வாசித்ததாகவும், எல்லாரும் மிகவும் சந்தோஷப்பட்டதாகவும், அங்குள்ள சாமியார் அதை இங்கிலீஷில் எழுதித் தந்தால் கோவில் பத்திரிகையில் போடுவதாகச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். எங்கள் அப்பா இப்படிப்பட்டவர் என்று சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவளுக்குக் கண் தெரியாதது எனக்கு வசதியாகப் போயிற்று. அம்மா பேட்ரிசியா, அந்தக் கடிதத்தை மொழிபெயர்க்க வேண்டாம். கொடுத்துவிட்டிருந்தால் எப்படியாவது திரும்ப வாங்கிவிடு. அது பொய் என்று சொல்லமாட்டேன், அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் சரிதான். எழுதாமல் விட்டதுதான் இப்போது உன்னிடம் வரவேண்டியிருக்கிறது.

யோசனை உன்னுடையது. லூர்து நகரில் மாதா காட்சி தந்த நூற்றாண்டை ஒட்டி உங்கள் குவார்ட்டர்ஸில் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள், பெங்காலிகளும் பீகாரிகளும்கூட வந்து உட்காருகிறார்கள், பத்து வருடமாகப் பக்கத்து வீட்டோடு பேச்சில்லாத நம் சந்திலும் இதைச் செய்யுங்களேன் அப்பா என்று மார்ச் மாதம் எழுதினாய். எனக்கும் பிடித்திருந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டேன், சுரூபம் தருகிறேன், மாதாவின் வணக்க மாதமான மே முழுக்க வைத்துக்கொள்ளுங்கள், ஏற்பாடு உம் பொறுப்பு என்றார். ஏற்பாடு இதுதான். மே முதல் தேதி கோவிலிலிருந்து முதல் வீட்டுக்கு மாதா வரும். ஜெபமாலை, பாட்டு, சுண்டல், இரவு அங்கேயே தங்கல். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். கைக்குக் கை. அதுதான் இதில் அழகு என்று நீயும் எழுதியிருந்தாய். நம் சந்திலும் பின் தெருவிலுமாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முப்பது, மே மாதத்துக்கு நாள் முப்பத்தொன்று. ஒரு நாள் மிஞ்சுகிறதே என்று நான் வாசலில் நின்று புலம்பியதை எதிர்வீட்டு அழகிரி கேட்டுவிட்டார். தபாலாபீசில் வேலையாக இருக்கிறாரே, அவர்தான், பெருமாள் பக்தர், சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகிறவர். "அந்த ஒரு நாள் எங்க வீட்டுக்கு வரட்டுமே சார், அம்மா வந்தா வேணாம்னா சொல்லுவோம், பூ எல்லாம் ஸ்ரீரங்கத்துலேருந்து என் மச்சான் தோட்டத்துப் பூ" என்றார். கணக்கு நேரானது.

பிறகு லிஸ்ட் போட உட்கார்ந்தேன். மூலை வீட்டு லூர்துராணி டீச்சர், உனக்கு நாலாம் வகுப்பு எடுத்தவர், அன்றைக்கே வந்து, "சார், வீடு வீடா போகட்டும், ரொம்ப நல்லது. ஆனா யார் கையிலேருந்து யார் வாங்குறதுன்னு கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளில் எதை எந்த ஸ்டேஷனில் நிறுத்தி எதை முன்னால் விடுவது என்று முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் டைம்-டேபிள் போட்டவன் நான். அதே பழக்கத்தில் ஒரு தாளை எடுத்துக் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு பத்தியாகக் கோடு கிழித்தேன். குழாய்ச் சண்டையில் டீச்சர் வீட்டோடு பேச்சில்லாத சவரிமுத்துவை அவர் பக்கத்தில் வரவிடவில்லை. சுவர்த் தகராறு உள்ளவர்களைப் பத்து நாள் தள்ளிப் போட்டேன். எல்லாம் பொருந்தி வந்தது, ஒரு வீட்டைத் தவிர.

அந்த வீட்டை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர்கள். சந்தின் கடைசியில் காலி மனைக்கு எதிர்த்த வீடு. ஸ்தனிஸ்லாஸ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அவர் மனைவி வியாகுலம்மாள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, இரண்டு பெண்கள் ஹைஸ்கூலில் படிக்கிறார்கள். தினப் பூசை தவறாதவர்கள். அவர்கள் பூர்வீகம் சேரி. சந்தில் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஒருவரும் மறப்பதும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு மாதாவைக் கொண்டுபோய்க் கொடுக்க யாரும் மறுக்கமாட்டார்கள். அவர்கள் கையிலிருந்து வாங்கத்தான் ஆள் கிடையாது. பதினான்காம் தேதியில் வைத்துப் பார்த்தேன், இருபதில் வைத்துப் பார்த்தேன், எங்கே வைத்தாலும் வாங்குபவர் பத்தியில் ஒரு பெயர் முகம் சுளித்தது. கடைசியில் முப்பத்தொன்றில் வைத்தேன். அதற்குப் பிறகு வாங்கவேண்டியது கோவில்தான், மனிதர் யாருமில்லை. கடைசி வீடு, கடைசி நாள் என்று யாராவது கேட்டால் காரணமும் சொல்லிக்கொள்ளலாம். முப்பதில் என் பெயரைப் போட்டேன், நானே கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுப்பதாக. எனக்கு அன்றைக்கு இருந்த திருப்தியை என்னவென்று எழுதுவது. ஒரு வண்டிகூட மோதாத டைம்-டேபிள். அந்தத் திருப்தியோடுதான், நிறைவு நாளை ஸ்தனிஸ்லாஸ் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறோம், நானே என் கையால் மாதாவை அவர்கள் வீட்டில் வைப்பேன் என்று உனக்கு எழுதினேன். நீ அதை வாசித்தாய், அங்கே கேட்டவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை. லிஸ்டைக் கோவில் பலகையில் ஒட்டிய அன்று ஸ்தனிஸ்லாஸ் வீடு தேடி வந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்று, "நிறைவு நாளையே எங்களுக்குக் குடுத்துட்டீங்களே சார், வந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை, எங்களுக்குப் போய்" என்று கண் கலங்கினார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை என்றுகூடச் சொன்னேன்.

மே மாதம் நன்றாகவே போயிற்று, அதை மறைக்கவேண்டியதில்லை. பதினோராம் நாள் அழகிரி வீட்டில் மாதாவுக்கு வைத்த பூவில் சுரூபத்தின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அங்கிருந்து வாங்கிய வீட்டார் அவர் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். சவரிமுத்து டீச்சர் வீட்டு நாளுக்கு அழையாமலே வந்து, "டீச்சர், குழாயைப் பத்தி இன்னைக்குப் பேசலை, சுண்டலுக்குத்தான் வந்தேன்" என்றாரே பார், கூட்டம் முழுக்கச் சிரித்தது, மறுநாளிலிருந்து குடத்துக்கு வரிசை ஒழுங்காக நிற்கிறது. வியாகுலம்மாள் ஒரு நாள் தவறாமல் எல்லா வீட்டுக்கும் வந்தார். நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் ஜெபமாலை சொல்வார், பாட்டை மட்டும் அவர்தான் எடுத்துக்கொடுப்பார், குரல் அப்படி. உள்ளே வாங்க என்று ஒரு வீட்டாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் பாட்டைக் கேட்டுக்கொண்டு உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தைந்தாம் தேதி பெந்தெகோஸ்துத் திருநாள். பூசையில் சாமியார், முப்பத்தொன்றாம் தேதி மாதா அரசி திருநாள், அன்றைக்குக் கடைசி வீட்டிலிருந்து பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் புறப்படும், அந்த வீட்டார் சுரூபத்தை முன்னால் தூக்கிவர எல்லாரும் மெழுகுவர்த்தியோடு பின்னால் வாருங்கள் என்று அறிவித்துவிட்டார். கடைசி ஸ்டேஷனோடு வண்டி முடிந்தது என்று நினைத்தேனே ஒழிய, திரும்புகிற வண்டி அங்கிருந்துதான் புறப்படும் என்பதை நினைக்கவில்லை. டைம்-டேபிள் போடுகிறவன் செய்யக்கூடிய பிழையா இது. அன்று சாயங்காலமே டீச்சரும் சவரிமுத்துவும் இன்னும் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். "நாங்க யாரையும் வேணாம்னு சொல்ல வரலை சார், மாதா எல்லாருக்கும் பொதுதான். ஆனா அவங்க முன்னாடி தூக்கிட்டுப் போக, நாங்க பின்னாடி மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டுப் போனா பின் தெருக்காரங்க என்ன கேப்பாங்க?" என்றார் டீச்சர். "பின் தெரு எதுக்கு, எம் பொண்டாட்டியே கேப்பா" என்றார் சவரிமுத்து. அவர்களாகவே ஒரு வழியும் கொண்டுவந்திருந்தார்கள். நாளை மாற்றிவிடுவது. "முப்பது அவங்களுக்கு, முப்பத்தொண்ணு உங்களுக்கு. இருபத்தொம்பது நான்தான், நானே கொண்டுபோய் அவங்ககிட்ட குடுத்துட்டு வந்துடறேன், எனக்கு ஒண்ணும் இல்லை. நீங்க அவங்ககிட்ட வாங்கிக்கங்க. முடிஞ்சு போச்சு" என்றார் சவரிமுத்துவே.

நினைத்துப் பார், எவ்வளவு சுலபம். அவர்கள் வீட்டுக்கும் மாதா போகும், ஊர்வலமும் கிளம்பும், சண்டையும் இல்லை. நான் இரண்டு கையை நீட்டவேண்டும், அவ்வளவுதான். நான் லிஸ்டைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி மாட்டிக்கொண்டேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சிரித்தார். "சரி சார், உங்களுக்கும் கஷ்டம்தான், புரியுது. அப்ப ரெண்டு நாளும் உங்க வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை அம்மா, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்களும் எங்களில் ஒருவர்தானே என்கிற பிரியம் இருந்தது. செலினின் காட்டூர் வரனுக்காகத்தான் பயந்தேன் என்று உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காட்டூர்க்காரர்களுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள். அது காரணமில்லை. காரணம் எனக்கே தெரியவில்லை, படித்த படிப்பும் வாசித்த வேதாகமமும் எங்கேயோ இருந்தன, கை எழவில்லை. சாமியாரிடம் போயிருக்கலாம், அவர் லிஸ்ட்படியே நடக்கட்டும் என்றிருப்பார், அதனால்தான் போகவில்லை. வீடு மாறியதை மட்டும் டீச்சர் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் போன பிறகு அம்மா அடுக்களையிலிருந்து, "ரயிலுக்குத்தான் டைம் போடுறீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வாங்கியிருப்பேன். இந்த வீட்டுல என்னை யாரும் கேக்கலையே" என்றாள். வாங்கியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அந்தச் சந்தேகம் எனக்கு எவ்வளவு சௌகரியமானது என்றும் தோன்றியது.

நேரில் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆபீசில் டைம்-டேபிளில் மாற்றம் வந்தால் திருத்தச் சீட்டு அனுப்புவோம், அதுபோல நல்ல தாளில் ஒன்று எழுதினேன். இட வசதியை முன்னிட்டு 31-5-58 நிகழ்ச்சி ச. வீட்டிலேயே நடைபெறும், சிரமத்துக்கு வருந்துகிறேன், இதுதான் வாசகம். ச. என்றது நான்தான். வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போனேன். வீட்டுக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், வாசலில் காகிதத் தோரணம் பாதி கட்டி மீதியைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் சீட்டைச் செருகிவிட்டு வந்துவிட்டேன். கையில் நீலம் ஒட்டிக்கொண்டது.

முப்பத்தொன்றாம் தேதி ஊர்வலம் நம் வாசலிலிருந்து கிளம்பியது. என் கழுத்தில் மாலை போட்டார்கள். நம் சந்து அந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும். சந்து ஒன்றாகிவிட்டது, எல்லாம் சகாயநாதன் சாராலேதான் என்று சவரிமுத்து நாலு பேர் கேட்கச் சொன்னார். உண்மைதான். இருபத்தொன்பது வீடுகளும் அழகிரியுமாகச் சந்து ஒன்றானது, ஒரு வீட்டை வெளியே வைத்துவிட்டு. எங்கே யாரை வைப்பது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் ஒற்றுமையாக இருப்பது அப்படியொன்றும் சிரமமில்லை. கோவிலில் ஆசீர்வாதம் முடிந்து திரும்பும்போது ஏழு மணி இருக்கும். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் சந்தின் கடைசிவரை நடந்தேன். ஏன் போனேன் என்று என்னைக் கேட்காதே.

தோரணம் முழுக்கக் கட்டியிருந்தது. கதவு திறந்திருந்தது. மேஜைமேல் வெள்ளை விரிப்பு, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, பூ, நடுவில் ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் முழந்தாளிட்டு நால்வரும் மாதா பிரார்த்தனையை முடித்துக்கொண்டிருந்தார்கள், வியாகுலம்மாள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள். பாயில் அழகிரியும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருந்தார்கள், அவரும் சேர்ந்துதான் சொன்னார். நான் நிலைப்படிக்கு வெளியே நின்றேன். மாதம் முழுக்க அந்த அம்மாள் நின்ற இடம். முடித்து எழுந்து திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க சார், இட வசதி இருக்கு" என்றார். பெரிய பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் அவளை அதட்டிவிட்டு நாற்காலி போட்டார். "எங்க வாசல்ல லாரியே திரும்பும் சார்" என்று மட்டும் சொன்னார், "உங்க வாசல்ல பேண்டுக்காரங்க பாதிப் பேர் சாக்கடைமேல நின்னுல்ல வாசிச்சாங்க." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வியாகுலம்மாள் கேட்கவில்லை. "நேர்ல வந்து சொல்லியிருந்தா நல்லா ஒரு சண்டை போட்டிருப்பேன், எனக்கும் மனசு ஆறியிருக்கும். நீங்க சீட்டு எழுதிட்டீங்க. சீட்டோட எப்படி சார் சண்டை போடறது?" என்றார். நூறு பேருக்கு அவித்த சுண்டல் அண்டாவில் இருந்தது. ஒரு தட்டில் வைத்துக் கையில் கொடுத்தார். மூன்று முறை எடுத்துச் சாப்பிட்டேன், எண்ணினேன். மீதியைக் காலையில் ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுபோவதாகச் சின்னப் பெண் சொன்னாள்.

கிளம்பும்போது வியாகுலம்மாள் வாசல்வரை வந்து, "அடுத்த வருஷமும் லிஸ்ட் நீங்கதானே சார் போடுவீங்க?" என்று கேட்டார். நான்தான் என்று நினைக்கிறேன் என்றேன். "அப்ப எங்களை முதல் நாள் போடுங்க. நாங்க கோவில்லேருந்து நேரா வாங்கிட்டு வந்துடறோம், யாருக்கும் தொந்தரவு இல்லை. ரெண்டாம் நாள் யாருன்னு மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து வேளை சொல்வதுபோலச் சொன்னார்.

ஆகையால் அம்மா, உங்கள் சாமியாரிடம் அந்தக் கடிதம் போகக்கூடாது. கூட்டத்தில் வாசித்ததற்குப் பதிலாக இதை வாசிக்க உனக்குத் தைரியம் இருந்தால் வாசி, இல்லாவிட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன், தைரியத்தைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல முடியாது. முதல் லிஸ்டின் நகலையும் திருத்தச் சீட்டின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதோடு உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நேற்று 1959 மே மாதத்துக்கு ஒரு தாள் எடுத்து இரண்டு பத்தி கிழித்தேன். ஒன்றாம் தேதி ஸ்தனிஸ்லாஸ் என்று பேனாவால் எழுதிவிட்டேன். இரண்டாம் தேதி என் பெயரை எழுதியிருக்கிறேன், பென்சிலால். பேனாவால் எழுதியாயிற்றா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேள். பதில் எழுதாமல் வேறு சமாசாரம் எழுதினேன் என்றால் இன்னும் எழுதவில்லை என்று தெரிந்துகொள்.

குழந்தைக்குத் திருஷ்டி படாமல் மாதா காப்பாற்றட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், உனக்கும் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன், இந்த முறை எந்த வரியையும் தாண்டவில்லை. கேட்டு முடித்தவள், "அடுத்த மே மாசம் வரைக்கும் பென்சில் எதுக்கு, இப்பவே எழுதுங்களேன்" என்றாள். எந்த டைம்-டேபிளையும் முதலில் பென்சிலில்தான் போடுவது வழக்கம் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். உனக்கு எழுதிய பேனா மூடாமல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. சகாயநாதன்